அய்யலுசாமியின் சவுண்டு

டிசம்பர் 1, திங்கள்

உறுதியான செய்தி: பிப்ரவரி 2, திங்கட்கிழமை காலை எனக்கு லாங் கேஸ் தேர்வு. சொன்னவர் துறை எழுத்தர். என்னோடு படிக்கும் ஜெனிட்டா அறிவிப்புப் பலகையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள். "உன் பேரு ஒண்ணுதான்டி இருக்கு. ஸ்பெஷல் ஷோ," என்றாள்.

ஒரு நோயாளியை ஒரு மணி நேரம் தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு பேராசிரியர் தேவசகாயம் முன் நின்று என்ன நோய், எதை வைத்துச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். சரியாகச் சொன்னால் பொது மருத்துவ மேற்படிப்பில் என் பேட்ச்சோடு தொடரலாம். தவறினால் ஆறு மாதம் பின்தங்கி, ஜூனியர்களோடு. ஆகஸ்ட் கடைசியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது காலில் கம்பி வைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு நோயாளியைக்கூட நான் தொட்டுப் பார்க்கவில்லை.

பயம் ஒன்றும் இல்லை. கை துறுதுறுவென்று இருக்கிறது.

அப்பா நாளிதழில் மாவட்ட நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தியை முதல் வரியில் சொல், யார் சொன்னது என்பதை இரண்டாவது வரியில் சொல், ஒருத்தர் மட்டும் சொன்னால் எழுதாதே என்பார். இந்தக் குறிப்புகளை அந்த முறையில்தான் எழுதப்போகிறேன். அம்மா ஓசூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், அண்ணிக்குப் பேறுகாலம். கோவில்பட்டி வீட்டில் நானும் அப்பாவும் வாக்கரும்தான்.

தட்டிப் பார்த்து நோய் அறிவதற்கு இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் தெருவுக்கு எட்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். கொல்லையில் நான்கு நீல டிரம்கள் இருக்கின்றன. இடது நடுவிரலை டிரம் மேல் அழுத்தி வைத்து, வலது நடுவிரலால் அதன் மேல் தட்ட வேண்டும். காலி இடத்தில் கணீரென்று ஒலிக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் மொத்தென்று இருக்கும். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் மட்டம் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். ஒலி மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுகிறேன். அப்பா மூடியைத் திறந்து கம்பு விட்டுச் சரிபார்க்கிறார்.

"ஒரு விரற்கடை வித்தியாசம். பிரசுரிக்கலாம்," என்றார்.

டிசம்பர் 4, வியாழன்

மூன்று டிரம் சரி. நான்காவது இரண்டு விரற்கடை தப்பு. ரசத்தில் உப்பும் போடவில்லை. அப்பா இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அறிவித்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் உட்கார முடியவில்லை. (எழுந்து நிற்கவும் வாக்கர் வேண்டும் என்பது வேறு விஷயம்.)

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வுக்கு எங்கள் கல்லூரியில் சில நிரந்தர நோயாளிகள் உண்டு. பெரிய மண்ணீரல் உள்ளவர், முகம் ஒரு பக்கம் இழுத்தவர், இதயத்தில் நல்ல இரைச்சல் உள்ளவர். ஆண்டுதோறும் சொல்லி அனுப்புவார்கள், பேருந்தேறி வந்து படுப்பார்கள், மாணவர்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்ப்பார்கள். அவர்களில் நட்சத்திரம் அய்யலுசாமி. இருபது வருடமாக வருகிறார். அவர் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியது. அதன் ஒலி பாடப்புத்தகத்தில் அச்சடித்ததுபோல் இருக்கும்.

அவர் இரண்டு தெரு தள்ளி மைக்செட் கடை வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. டீக்கடையில் பேச்சோடு பேச்சாக அப்பா தெரிந்துகொண்டு, கையோடு கூட்டி வந்துவிட்டார். நாற்பத்தொன்பது வயது, நல்ல உயரம், மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப்பையில் டெஸ்டர்.

"யாரு, போன மார்ச்சுல என்னைய ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு, குழாயக் காதுல மாட்ட மறந்துபோன டாக்டரம்மாவா?"

அது நான் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

வாரம் ஒருமுறை பார்த்துப் பழகிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டார். நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததும் கையைத் தூக்கித் தடுத்தார்.

"மொதல்ல பேரு, வயசு, தொழிலு. நேரா நெஞ்சுக்குப் பாய்ஞ்சா மார்க்கு போயிரும்."

பேர், வயது, தொழில் கேட்டேன். பிறகு உடம்புக்கு என்ன என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்: "சின்ன வயசுல மூட்டு வலியோட காய்ச்சல். இப்பம் ஒரு மாடி ஏறுனா மூச்சு வாங்கும். சமதரையில ஒண்ணுமில்ல. ராத்திரி ஒத்தத் தலகாணி. கால் வீக்கம் இல்ல. நெஞ்சு படபடப்பு இல்ல. அடுத்து நாடி புடிக்கணும்."

நாடி பிடித்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பின் இடது கீழ்ப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். முதலில் பலத்த ஒரு தட்டல். பிறகு சின்னச் சொடுக்கு. அதன் பின்னால், எங்கோ தூரத்தில் லாரி மேடேறுவதுபோல ஓர் உறுமல். அடுத்த தட்டலுக்குச் சற்று முன் அந்த உறுமல் ஒரு படி உயர வேண்டும். அந்தக் கடைசி உயர்வுதான் அவருடைய புகழ்.

"கேக்குதா? பிரீ-சிஸ்டாலிக் ஆக்சன்ச்சுவேசன். அது கேட்டா பாஸு."

கேட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு, கேட்டது! அப்பாவைக் கூப்பிட்டு அவர் காதிலும் மாட்டினேன். "தண்ணி லாரி மாதிரி இருக்கும்மா," என்றார். அய்யலுசாமிக்கு வெட்கம் கலந்த பெருமை.

எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எதுக்கு? வருசத்துக்கு நாப்பது டாக்டரு வரிசையில நின்னு பாக்காக. இதுக்கு மேல எவன்கிட்ட போய்க் காட்ட?"

சிரித்துவிட்டோம்.

டிசம்பர் 10, புதன்

தண்ணீர் வந்தது. முழங்காலை மடக்கும் பயிற்சியில் தொண்ணூறு டிகிரி தாண்டினேன் என்று பிசியோதெரபி செய்ய வரும் பெண் சொன்னாள். அளவுகோலை நானும் பார்த்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இரண்டாவது அமர்வு. அய்யலுசாமி இன்று தேர்வாளர் போலவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

நாடி: கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினேன், 84. உறுதிப்படுத்த மறுபடியும் எண்ணினேன், 96. மூன்றாவது முறை 76. என் கைக்கடிகாரம் விபத்தில் அடிபட்டது, முள் தடுமாறுகிறது போலிருக்கிறது. அதோடு எண்ணும் பழக்கமும் விட்டுப்போயிருக்கிறது. 84 என்று எழுதிக்கொண்டேன். போன மார்ச் தேர்வில் வார்டில் அவரைப் பற்றி எழுதிய குறிப்பிலும் அதுதான்.

"சீரா இருக்குன்னு சொல்லணும்," என்று எடுத்துக்கொடுத்தார்.

"சீரா இருக்கு," என்றேன்.

இரைச்சலை முழுவதுமாக, பிசிறில்லாமல், ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். "எக்சலன்ட்," என்றார். இப்படி ஒரு வார்த்தையைப் பேராசிரியரிடம் நான் ஒருநாளும் வாங்கியதில்லை. நாள் முழுவதும் வீட்டுக்குள் வாக்கரோடு சுற்றினேன்.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையிலேயே மூன்று கோவில் ஒலிபெருக்கிகள். மூன்றும் அய்யலுசாமியின் பெட்டிகள். அப்பா போர்வைக்குள்ளிருந்து, "உன் பேஷண்ட்டுக்கு இதயம் மட்டுமா சத்தம்?" என்றார்.

டிசம்பர் 21, ஞாயிறு

அவர் வரவில்லை. அவர் மனைவி சீதாலட்சுமி அக்கா தெருவில் போனவர், சொல்லிவிட்டுப் போக நின்றார்.

"படுத்திருக்காக. மார்கழி வந்தா இப்பிடித்தான். பெட்டி தூக்க இப்பம் ஆள் வச்சிருக்கோம்."

"முன்னாடி அவரே தூக்குவாரா?"

"போன வருசம் வரைக்கும் ஒத்தையில தூக்கி வண்டியில ஏத்துவாக. இப்பம் மாடிக்கே ஏற மாட்டேங்காக, பாயி கீழதான். ரெண்டு தலகாணி வச்சு மேல ஒரு போர்வைய வேற மடிச்சு வச்சுக்கிடுதாக. கேட்டா, கழுத்து வலிங்காக."

மார்கழி வேலை யாரையும் படுக்க வைக்கும். ஓய்வெடுக்கச் சொன்னேன். மாலையில் ஊறவைத்த உளுந்தை அரைக்க மறந்து, இட்லி இல்லாமல் உப்புமா.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ் அன்றும் ஜெனிட்டாவுக்கு வார்டில் பணி. கேக் ஒரு கையில், போன் மறு கையில், எனக்கு வாய்மொழித் தேர்வு நடத்தினாள். அவள் கேள்வியை விட்டெறிய, நான் பிடித்துத் திருப்பி எறிய, இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"அந்தக் கடைசி உயர்வு எதனால வருது?"

"இதயத்தோட மேலறை கடைசியா ஒரு அழுத்து அழுத்தும். சுருங்கின வால்வு வழியா ரத்தம் வேகமாப் பாயும். அதான் சத்தம் கூடுது."

"மேலறை துடிக்காம சும்மா நடுங்கிட்டு இருந்தா?"

"ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அழுத்து கிடையாது, அதனால உயர்வும் கிடையாது. நாடி தாறுமாறா இருக்கும். ரத்தம் தேங்கிக் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம்."

"சூப்பர்டி. நீ எதையும் மறக்கல."

நான் எதையும் மறக்கவில்லை! இதை ஒருமுறை அடிக்கோடிட்டுக்கொள்கிறேன். ஆதாரம்: ஜெனிட்டா.

டிசம்பர் 28, ஞாயிறு

அய்யலுசாமி வந்தார். வாசற்படியில் சற்று நின்றுவிட்டு உள்ளே வந்தார். வழக்கமான ஒப்பித்தல்: ஒரு மாடி ஏறினால் மூச்சு, ஒற்றைத் தலையணை, படபடப்பு இல்லை. நாடி எண்ணவில்லை, கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன்.

கடைசி உயர்வு இன்று சரியாகப் பிடிபடவில்லை. மின்விசிறியை அணைத்தேன். ஸ்டெதாஸ்கோப்பின் காது முனையைத் துடைத்தேன்.

"இருக்கும் டாக்டரம்மா. இருபது வருசமா இருக்கு. நல்லாக் கேளுங்க."

நன்றாகக் கேட்டேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 2, வெள்ளி

வாக்கர் இல்லாமல் கொல்லை வரை நடந்தேன். ஊன்றுகோல் கூட இல்லை. அந்தக் குஷியில் நான்கு டிரம்மையும் தட்டி, பளிச்சென்று கோடு போட்டேன். அப்பா கம்போடு வந்தார். முதல் மூன்றும் சரி. நான்காவதில் கம்பை விட்டு எடுத்தவர் என்னையே பார்த்தார்.

"இது ரெண்டு சாண் தப்பும்மா."

"இருக்கவே இருக்காதுப்பா. நேத்தும் இதே கோடுதான்."

"நேத்து சரி. காலையில கார் கழுவ இதுலருந்துதான் பக்கத்து வீட்டுத் தம்பி நாலு வாளி எடுத்துட்டுப் போனான். நீ தூங்கிட்டு இருந்த."

மறுபடி தட்டினேன். பழைய கோட்டுக்குக் கீழே இரண்டு சாண் தூரம் கணீரென்று, காலி டிரம்மாக ஒலித்தது. செவிடனுக்கும் கேட்கும். சற்று முன் அதே இடத்தில் தட்டி, மொத்தென்று இருக்கிறது என்று நான் கோடு போட்டிருக்கிறேன். நேற்றைய கோடு அழியாமல் இருந்தது. என் விரல் தட்டியது, கேட்டது கோடு.

"உனக்கு விடை தெரிஞ்சிருந்தது, அதான்," என்றார் அப்பா. "பழைய செய்தியையே தேதி மாத்திப் போடுற ஆளுக எங்க ஆபீஸ்லயும் இருந்தாங்க."

அப்படியே படியில் உட்கார்ந்தேன். 84, 96, 76. கடிகாரக் கடைக்காரர் நேற்றே சொல்லி அனுப்பியிருந்தார், கடிகாரத்தில் ஒரு பழுதும் இல்லை என்று. இரண்டு தலையணை, மேலே ஒரு போர்வை. மாடிக்கே ஏறாத மனிதர், ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்று என்னிடம் சொல்கிறார். நான் எழுதிக்கொள்கிறேன். அவர் சொல்வது இருபது வருடத்துக்கு முந்தைய உடம்பு.

கடைசி உயர்வு. அதை நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்கவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

நாடி தாறுமாறாக இருந்தால் செய்ய வேண்டிய சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெஞ்சில் துடிப்பை எண்ண, மற்றவர் அதே நிமிடத்தில் மணிக்கட்டில் எண்ண வேண்டும். மேலறை நடுங்கினால் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது.

அப்பாவுக்கு மணிக்கட்டு. எனக்கு நெஞ்சு. அய்யலுசாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"சார் எதுக்கு என் கையப் புடிக்காரு? அவரும் பரிச்ச எழுதப் போறாரா?"

"பேசாம இருங்க அண்ணாச்சி," என்றார் அப்பா, கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஒரு முழு நிமிடம். என்னுடையது 112. அப்பாவுடையது 90. சீட்டில் எழுதி இருவரும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டினோம். மறுபடி எண்ணினோம், வித்தியாசம் குறையவில்லை.

என் நெஞ்சு அடித்த அடிக்கு அதையும் யாராவது எண்ணியிருக்கலாம். புத்தகத்தில் படித்த ஒன்று என் விரலுக்கடியில் நிஜமாக நடந்துகொண்டிருந்தது. சந்தோஷம் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் வேறு சொல் இல்லை.

அய்யலுசாமியிடம் சொன்னேன்: துடிப்பு மாறியிருக்கிறது, ரத்தக் கட்டி உண்டாகலாம், உடனே இ.சி.ஜி. எடுத்து மருந்து தொடங்க வேண்டும்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"போன மார்ச்சுல நாப்பது பேரு பாத்தாக, ரெண்டு புரொபசரு பாத்தாக. எல்லாரும் சீரா இருக்குன்னு எழுதிட்டுப் போனாக. கால ஒடிச்சிட்டு வீட்டுல இருக்க நீங்க மட்டும் இல்லைங்கீக."

"மார்ச்சுல சீராத்தான் இருந்திருக்கும். இது அதுக்கப்புறம் வந்தது."

"அங்க போனா என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியும். பலூன் விட்டு வால்வ விரிப்பாக. விரிச்சா சவுண்டு போயிரும். பெறகு மார்ச்சுக்கு என்னைய எவன் கூப்புடுவான்? நம்ம ஊருல எத்தனையோ மைக்செட்டு இருக்கு. இந்தச் சவுண்டு ஜில்லாவுல என்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

போய்விட்டார். செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 5, திங்கள்

ஜெனிட்டாவிடம் சொன்னேன். உடனே கூட்டி வா என்றாள். பிறகு கேட்டாள்: "நிச்சயமாத் தெரியுமா? அவர் புரொபசரோட செல்லக் கேஸ். இ.சி.ஜி. நார்மலா வந்தா, லாங் கேஸ்ல உன் மேல இருக்கிற நம்பிக்கையே போயிரும்டி."

நிச்சயமாகத் தெரியும். நான்காவது டிரம்மும் நிச்சயமாகத்தான் தெரிந்திருந்தது.

அப்பா கடைக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். அய்யலுசாமி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

ஜனவரி 7, புதன்

நான்கு மணிக்கு வாசலில் மூன்று சக்கர வண்டி. ஒரு பெரிய ஒலிபெட்டி, ஆம்ப்ளிஃபயர், வயர்ச் சுருள், சீதாலட்சுமி அக்கா, பின்னால் அய்யலுசாமி.

"இவ ரெண்டு நாளா சோறு போடல," என்றார். "சரி, சண்டை எதுக்கு, சவுண்ட வெளிய போட்டுக் கேட்ருவோம். நீங்க சொல்றது சரியா, இருபது வருசம் சொன்னது சரியான்னு பெட்டி சொல்லட்டும்."

என் பழைய ஸ்டெதாஸ்கோப்பின் குழாயை வெட்டினார். (கேட்டுவிட்டுத்தான். நான் தலையாட்டிய வேகத்தில் அப்பா சிரித்தார்.) சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கைக் குழாய்க்குள் செருகி, டேப் சுற்றினார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் கூவென்று ஒரு அலறல். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலை முளைத்தது. பெட்டியைத் திருப்பி வைத்தார். ஒரு திருகு, இன்னொரு திருகு. கூடம் அமைதியாயிற்று.

நான் அவர் நெஞ்சில் வைத்தேன்.

தட்டல். தட்டல், தட்டல். இடைவெளி. தட்டல். நீளமாக ஒரு வெறுமை. தட்டல் தட்டல் தட்டல். ஒவ்வொன்றுக்கும் இடையில் அந்த உறுமல், சில நேரம் நீண்டு, சில நேரம் பாதியில் வெட்டுப்பட்டு. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இருபது வருடமாக மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தன் சவுண்டு தெரியும். காதுக்கு வந்தது இன்றுதான். வாய் சற்றுத் திறந்திருந்தது.

பிறகு தொழில்காரர் முகம் வந்தது. "வயருல லூசு காண்டாக்ட்," என்றார்.

வயரை மாற்றினார். அதே தாறுமாறு. மைக்கை மாற்றினார். அதேதான். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினார். அதேதான்.

"அண்ணாச்சி, என் நெஞ்சுல வச்சுப் பாருங்க," என்றார் அப்பா, பனியனைத் தூக்கியபடி.

வைத்தேன். லப்-டப், லப்-டப், லப்-டப். கடிகாரம் தோற்றது. எனக்கு வைத்தார் சீதாலட்சுமி அக்கா: அதே சீர், ஆனால் ஓட்டப்பந்தயம். "டாக்டரம்மா எதுக்கு இப்பிடிப் பதறுதாக?" என்றார். மறுபடி அய்யலுசாமி. தட்டல், தட்டல் தட்டல், வெறுமை, தட்டல்.

அவர் ஆம்ப்ளிஃபயரை மெதுவாகக் குறைத்து அணைத்தார். தன் நெஞ்சில் இரண்டு விரலை வைத்துக்கொண்டார்.

"அப்பம் லூசு காண்டாக்ட் இங்கதான்."

சீதாலட்சுமி அக்கா முந்தானையால் ஒலிபெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கடைசியில ஒரு ஏத்தம் வரணுமே, அது எங்க?" என்று அய்யலுசாமி கேட்டார்.

"அது இல்ல. மேலறை அழுத்தினாத்தான் அது வரும்."

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"நான் இருக்குன்னுல்லா எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரியுதேன்."

பொங்கல் முடிந்து போகலாம் என்றார். நாளைக்கே என்றேன். மூன்று கோவில் மார்கழி ஆர்டர் என்றார். "அத நான் போட்டுக்கிடுதேன், சுவிட்சு எனக்கும் போடத் தெரியும்," என்றார் அக்கா. அவர் ஒத்துக்கொண்டார்.

புறப்படும்போது அய்யலுசாமி என்னிடம் போனை நீட்டினார். "ஒருக்கா இதுல பதிவு பண்ணிக் குடுங்க. பலூன் போட்ட பெறகு கிடைக்காதுல்லா."

மறுபடி பெட்டியைப் போட்டு, ஒரு நிமிடம் பதிவு செய்தோம். பதிவுக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்தார்.

ஜனவரி 8, வியாழன்

உறுதியானது: அய்யலுசாமிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஆதாரம் ஒன்று, காலையில் எடுத்த இ.சி.ஜி.; படத்தை ஜெனிட்டா அனுப்பினாள். ஆதாரம் இரண்டு, மாலையில் எடுத்த எக்கோ ஸ்கேன். மேலறை வீங்கியிருக்கிறது, வால்வு முன்பைவிடச் சுருங்கியிருக்கிறது. வார்டில் சேர்த்து, ரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்கிவிட்டார்கள். துடிப்பைக் குறைக்கவும் மருந்து. மூன்று வாரத்துக்கு மேல் மருந்து சாப்பிட்டபின் தொண்டை வழியாக எக்கோ பார்த்து, உள்ளே கட்டி இல்லையென்றால் பலூன்.

அழைத்துப் போன அப்பா வீடு திரும்பிச் சொன்னது: பேராசிரியர் தேவசகாயம் வந்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு சுற்றி நின்ற மாணவர்களிடம், "இவரை கடைசியா நோயாளியாப் பார்த்தது எப்போ?" என்றார். கேட்டுவிட்டு, தானே அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினார்.

யார் அனுப்பியது என்று கேட்டாராம். அய்யலுசாமி முந்திக்கொண்டு, "குழாயக் காதுல மாட்ட மறந்த டாக்டரம்மா," என்றாராம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கும்போது கால் வலி தெரியாமல் நின்றேன். வார்டிலிருந்து அய்யலுசாமியின் போன்: "எனக்கு இங்க ஒரே கூட்டம். இப்பம் புதுசா வேற ஒண்ணு கேக்க வாறாக, பல்ஸ் டெபிசிட்டு, நெஞ்சுத் துடிப்புக்கும் கைநாடிக்கும் உள்ள வித்தியாசம். எண்ணத் தெரியல பாதிப் பேருக்கு. நாந்தான் சொல்லிக் குடுக்கேன்." வார இறுதியில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், மருந்தோடு.

ஜனவரி 24, சனி

இப்போதெல்லாம் சாக்பீஸ் கோட்டை அப்பா முதல் நாளே அழித்துவிடுகிறார். எவ்வளவு தண்ணீர் எடுத்தார் என்றும் சொல்வதில்லை. இன்று நான்கும் சரி. டிரம்மைக் கட்டிப்பிடித்தேன், சேலையெல்லாம் பாசி.

பிப்ரவரி 2, திங்கள்

வார்டின் வாசனை. அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஃபினாயிலும் பழைய காப்பியும். படியேறும்போது காலும் வலித்தது, சிரிப்பும் வந்தது.

பேராசிரியர் தேவசகாயம் பட்டியலைப் பார்த்தார். "அந்த மைக்செட்காரர் இன்னைக்கு அட்மிட் ஆயிருக்கார். அவரைப் பாரு."

மூன்றாவது கட்டிலிலிருந்து அய்யலுசாமி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் பழகிய நெஞ்சு. கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். பேட்ச்சோடு போய்விடலாம்.

"சார், அவரை அனுப்பினதே நான்தான். அவர்கிட்ட என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெரிஞ்ச கேஸ் வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதான். சரி. ஒன்பதாம் கட்டில்."

ஒன்பதாம் கட்டிலில் முத்துப்பேச்சி என்ற அம்மா. அறுபது இருக்கும். இருமல், மூச்சுத் திணறல். கட்டிலில் வெள்ளிக்கிழமை எடுத்த எக்ஸ்ரே தொங்கியது. வலது நெஞ்சில் நீர், மட்டம் பளிச்சென்று தெரிந்தது. எக்ஸ்ரேயை உறையோடு திருப்பி வைத்தேன். பேர், வயது, தொழில் கேட்டேன்.

"இன்னைக்கு என்னம்மா பண்ணுது?"

"இன்னைக்கா?" என்று நிமிர்ந்தார். "எல்லாவளும் எப்ப ஆரம்பிச்சுதுன்னுல்ல கேக்காளுக. இன்னைக்கு நேத்தைக்கு விட மோசம் தாயி. நேத்து சாஞ்சு இருக்க முடிஞ்சுது. இன்னைக்கு அதுவும் இல்ல."

முதுகில் தட்டினேன். மேலிருந்து கீழே. கணீர், கணீர், கணீர், மொத்து. பேனாவால் கோடு போட்டேன். மறுபடி, கீழிருந்து மேலே. அதே கோடு. அதன் பிறகே எக்ஸ்ரேயைத் திருப்பினேன்.

பேராசிரியர் முன் சொன்னேன்: வலது நெஞ்சில் நீர், மட்டம் இங்கே.

"எக்ஸ்ரேல ஒரு விலா கீழ இருக்கே."

கோட்டை இன்னொருமுறை பார்த்தேன்.

"படம் வெள்ளிக்கிழமை எடுத்தது சார். நான் தட்டினது இன்னைக்கு. நீர் கூடியிருக்கு. இன்னைக்கே எடுத்துவிடணும்."

அவர் எழுந்து வந்து தானே தட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செவிலியரிடம், "புதுசா ஒரு எக்ஸ்ரே," என்றார். என் தாளில் ஏதோ எழுதி மடித்துவிட்டார்.

வெளியே வரும்போது அய்யலுசாமி, "பேரு கேட்டீகளா?" என்றார்.

"கேட்டேன்."

"குழாயி?"

"மாட்டினேன்."

அவர் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். 'டெஸ்ட்' பத்திரமாக இருக்கிறது. மார்ச் தேர்வுக்கு வருவதாகப் பேராசிரியரிடமே சொல்லிவிட்டாராம், ஒரு நிபந்தனையோடு: மாணவர்கள் முதலில் போனைக் கேட்க வேண்டும், பிறகு அவர் நெஞ்சைக் கேட்க வேண்டும், என்ன காணோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். "ரொம்பக் கஷ்டமான கேஸு," என்றார் பெருமையாக. பிறகு, குரலைத் தாழ்த்தி: "கட்டி இருக்காதுல்லா டாக்டரம்மா?"

தெரியாது அண்ணாச்சி என்றேன். மருந்தைத் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார், அக்காவும் சாட்சி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இன்னும் வரவேண்டியவை: அய்யலுசாமிக்குத் தொண்டை வழி எக்கோ, புதன் காலை, கட்டி இல்லையென்றால் வெள்ளிக்கிழமை பலூன். என் முடிவு வியாழன் மாலை, எழுத்தர் பலகையில் ஒட்டுவார், ஜெனிட்டா நேரில் பார்ப்பாள். முத்துப்பேச்சி அம்மாவின் புதிய எக்ஸ்ரே இன்று ஐந்து மணிக்கு. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.